மூளைக்குள் ஒரு கடல் குதிரை

நடு இரவு. திடீரென்று மின்சாரம் நின்றுவிடுகிறது. வீடு முழுவதும் கும்மிருட்டு. நீங்கள் படுக்கையிலிருந்து எழுந்திருக்கிறீர்கள். கட்டில் காலில் இடித்துக்கொள்ளாமல் நாலடி நடந்து, கதவைத் தாண்டி, கூடத்து நாற்காலியைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் நுழைகிறீர்கள். மேடைக்கு மேலே இருக்கும் இரண்டாவது தட்டில் கையை நீட்டுகிறீர்கள். தீப்பெட்டி அகப்பட்டுவிடுகிறது!

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். தினம் புழங்குகிற வீடு, கண்ணை மூடிக்கொண்டு நடக்க மாட்டோமா என்பீர்கள். ஆனால் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காதும் உதவவில்லை. அப்படியானால் வழி காட்டியது யார்? உங்கள் வீட்டின் படம் ஒன்று, அறை அறையாக, தட்டுத் தட்டாக, உங்கள் தலைக்குள் இருக்கிறது. அந்தப் படத்தில், 'இப்போது நான் இங்கே நிற்கிறேன்' என்று ஒரு புள்ளி உங்களுடன் கூடவே நகர்ந்துகொண்டிருக்கிறது.

அந்தப் படத்தை வரையும் சித்திரக்காரர் யார்? அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கேட்பதற்கு வேடிக்கைக் கதை போல இருந்தாலும், வயதானவர்கள் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டிய விஷயம் ஒன்று இதற்குள் இருக்கிறது. கடைசி வரையில் படித்துவிடுங்கள்.

காதுக்கு உட்புறம்

உங்கள் இரண்டு காதுகளுக்கும் நேர் உட்புறத்தில், மூளையின் அடிப்பக்கத்தில், ஆளுக்கு இரண்டாக ஓர் உறுப்பு இருக்கிறது. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். வளைந்து, வால் சுருண்டு கிடக்கும். 16-ம் நூற்றாண்டில் இத்தாலி தேசத்துப் போலோன்யா நகரத்தில் உடற்கூறு சாஸ்திரம் கற்பித்துக்கொண்டிருந்த அரான்ஸியோ என்பவர் இதை வெளியே எடுத்துப் பார்த்தார். "அடடே! கடல் குதிரை மாதிரி அல்லவா இருக்கிறது!" என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கிரேக்க பாஷையில் கடல் குதிரைக்குரிய பெயரையே அதற்கும் வைத்தார். 'ஹிப்போகாம்பஸ்' என்று இன்றும் டாக்டர்கள் சொல்வது அதைத்தான். நாம் கடல் குதிரை என்றே சொல்லிக்கொள்வோமே!

பெயர் வைத்தாகிவிட்டது. ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்பது சுமார் நானூறு வருஷம் வரையில் ஒருவருக்கும் சரிவரத் தெரியவில்லை. தெரியவந்த விதமோ மிகவும் பரிதாபமானது.

ஹென்றியின் கதை

அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்தில் ஹென்றி மொலேசன் என்று ஓர் இளைஞர் இருந்தார். 1926-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே அவருக்குக் காக்காய் வலிப்பு வந்துவிட்டது. வயது ஏற ஏற அது அதிகரித்தது. எந்த மருந்துக்கும் கட்டுப்படவில்லை. வேலைக்குப் போக முடியவில்லை. பெற்றவர்கள் எவ்வளவு கலங்கியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1953-ம் வருஷம் ஹார்ட்ஃபோர்டு நகரத்து ஆஸ்பத்திரியில் வில்லியம் ஸ்கோவில் என்ற ரண சிகிச்சை நிபுணர் ஹென்றியின் மூளையில் சிகிச்சை செய்தார். வலிப்புக்கு மூல காரணம் அங்கேதான் இருக்கும் என்று கருதி, இரண்டு பக்கத்துக் கடல் குதிரைகளிலும் பெரும் பகுதியையும், அவற்றைச் சுற்றியிருந்த சில பாகங்களையும் எடுத்துவிட்டார். ஹென்றிக்கு அப்போது வயது 27.

வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் வேறொன்று நேர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தினம் தம்மைக் கவனித்துக்கொள்பவர்களை ஹென்றிக்கு அடையாளம் தெரியவில்லை. குளியலறைக்குப் போகிற வழியும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது காட்ட வேண்டியிருந்தது.

இந்த இரண்டும் ஒரே சமயத்தில் நேர்ந்தன என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். மனிதரை மறந்தார், வழியையும் மறந்தார்.

கானடாவில் மான்ட்ரியால் நகரத்தில் இருந்த பிரெண்டா மில்னர் என்ற பெண்மணி மனத்தத்துவ ஆராய்ச்சி செய்துவந்தார். 1955-ல் அவர் ஹென்றியைப் பார்க்க வந்தார். ஸ்கோவிலும் அவரும் சேர்ந்து 1957-ல் எழுதிய கட்டுரை வைத்திய உலகத்தில் பெரிய பரபரப்பை உண்டாக்கிவிட்டது. அதில் கண்டிருந்த விஷயங்கள் அப்படி!

ஹென்றியின் குடும்பம் அதே தெருவில் சற்றுத் தள்ளி வேறு வீட்டுக்குக் குடிபோயிற்று. பத்து மாதம் ஆன பிறகும் புது விலாசம் அவர் மனத்தில் ஏறவில்லை. பழைய விலாசம் மட்டும் அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது. வெளியே போனால் தனியாக வீடு திரும்புவார் என்று நம்ப முடியாது. புல் வெட்டும் இயந்திரத்தை நேற்றுத்தான் உபயோகித்திருப்பார். இன்றைக்கு அது எங்கே இருக்கிறது என்று தாயார்தான் சொல்ல வேண்டும். ஒரே பத்திரிகையைத் திரும்பத் திரும்பப் படிப்பார். ஒவ்வொரு தடவையும் அவருக்குப் புதிய பத்திரிகைதான்!

இன்னொன்று கேளுங்கள். அவர் மதியம் சாப்பிட்டு முடித்து அரைமணி நேரம் ஆனதும், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். ஒரு பதார்த்தத்தின் பெயரைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. சாப்பிட்டதே அவருக்கு ஞாபகம் இல்லை. இந்த ஒரு சம்பவத்தை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்கும் ஹென்றிக்குப் புத்தி மங்கிவிடவில்லை. நன்றாகப் பேசுவார். குறுக்கெழுத்துப் போட்டி என்றால் உயிர். சிறு வயதுச் சம்பவங்களை நன்றாகச் சொல்வார். கை வேலையும் கற்றுக்கொண்டார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரப் படத்தின் ஓரமாகப் பென்சிலால் கோடு போட வேண்டும் என்று மில்னர் ஒரு பரீட்சை வைத்தார். நீங்களும் நானும் முதலில் தடுமாறத்தான் செய்வோம். மூன்று நாள் பழக்கத்தில் ஹென்றி அதை வெகு லாகவமாகச் செய்தார். ஆனால் ஒவ்வொரு நாளும், "இதை நான் இதற்கு முன்பு செய்ததே கிடையாதே!" என்றுதான் நினைத்தார். கைக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியவில்லை!

இதிலிருந்து ஞாபகம் என்பது ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கும் நகை அல்ல என்று தெரிந்தது. கைப் பழக்கத்துக்கு மூளையில் வேறு இடங்கள் இருக்கின்றன. சிறுமூளை அவற்றில் ஒன்று. பழைய கதைகள் நாளடைவில் மூளையின் மேற்பரப்பில் ஊன்றிவிடுகின்றன. ஆனால் இன்றைக்கு நடந்ததை, இன்றைக்குப் பார்த்த இடத்தை, நாளைக்கென்று எடுத்து வைப்பது கடல் குதிரையின் வேலை.

ஹென்றி 82 வயது வரையில் இருந்தார். 2008-ம் வருஷம் டிசம்பர் மாதம் காலமானார். அதுவரையில் அவர் பெயரை ரகசியமாகவே வைத்திருந்தார்கள். புத்தகங்களில் 'எச். எம்.' என்ற இரண்டு எழுத்துக்கள் மட்டும்தான். ஐம்பது வருஷத்துக்கு மேல், பரிசோதனைகளுக்குச் சளைக்காமல், சிரித்த முகத்தோடு ஒத்துழைத்த அந்த மனிதருக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது.

எலி காட்டிய வழி

ஞாபகமும் வழி அறிவதும் ஏன் ஒரே இடத்தில் குடியிருக்க வேண்டும்? இதற்குப் பதில் சொன்னவர்கள் எலிகள்.

லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் ஜான் ஓ'கீஃப் என்ற விஞ்ஞானி, மயிரிழை போன்ற கம்பிகளை எலியின் கடல் குதிரைக்குள் செலுத்தி, எலியைச் சுதந்திரமாக ஓட விட்டு, ஒவ்வொரு உயிரணுவும் எப்போது பேசுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அணு பேசினால் கருவியில் படபடவென்று சத்தம் வரும். எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போகும்போது ஓர் அணு படபடத்தது. அங்கிருந்து நகர்ந்தால் மௌனம். வேறோர் இடத்துக்குப் போனால் வேறோர் அணு படபடத்தது. அதாவது, ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கென்று அணுக்கள்! 'இடமறியும் அணுக்கள்' என்று இவற்றைச் சொல்லலாம். இதை ஓ'கீஃப் தம் மாணவர் டோஸ்ட்ரோவ்ஸ்கியுடன் சேர்ந்து 1971-ல் வெளியிட்டார். அப்போது பலர் நம்பவில்லை.

பிற்பாடு நார்வே தேசத்திலிருந்து ஓர் இளம் தம்பதி அவரிடம் வந்து வேலை கற்றுக்கொண்டார்கள். மே-பிரிட் மோசர், எட்வர்டு மோசர் என்பது அவர்கள் பெயர். இரண்டு பெண் குழந்தைகளை வளர்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் நடத்திய தம்பதி. டிராண்டைம் நகரத்தில் சொந்த ஆராய்ச்சிக்கூடம் அமைத்துக்கொண்டு, கடல் குதிரைக்கு வாசற்படி போல அமைந்திருக்கும் பக்கத்துப் பகுதியில் காது கொடுத்துக் கேட்டார்கள். 2005-ல் ஓர் அபூர்வமான விஷயம் வெளிவந்தது.

இங்கே இருந்த அணு ஓர் இடத்தில் மட்டும் படபடக்கவில்லை. பல இடங்களில் படபடத்தது. அந்த இடங்களையெல்லாம் காகிதத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார்கள். ஒழுங்கான வரிசை! ஒரு வரிசைப் புள்ளிகளின் நடுச் சந்துக்கு நேரே அடுத்த வரிசைப் புள்ளி. எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதைச் சுற்றிச் சம தூரத்தில் ஆறு புள்ளிகள்.

வாசலில் இடுக்குப் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எலியின் மூளை, தான் ஓடுகிற தரை முழுவதும் புள்ளிக் கோலம் போட்டுக்கொள்கிறது. எவ்வளவு தூரம் வந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதை அந்தப் புள்ளிகளை வைத்து எண்ணிக்கொள்கிறது. மனிதர்களின் மூளையிலும் இதே மாதிரி அணுக்கள் இருப்பதைப் பின்னால் கண்டார்கள். கடல் குதிரையின் வாசலிலும் கோலம்தான்!

2014-ம் வருஷம் வைத்தியத்துக்கான நோபல் பரிசில் பாதி ஓ'கீஃபுக்கும், மற்றப் பாதி மோசர் தம்பதிக்கும் கிடைத்தது. செய்தி வந்த நேரத்தில் எட்வர்டு மோசர் ஆகாய விமானத்தில் மியூனிக் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். கீழே இறங்கியதும் பூச்செண்டோடு ஒருவர் நின்றதைப் பார்த்து ஒன்றும் புரியாமல் விழித்தாராம். இடம் அறியும் வித்தையைக் கண்டுபிடித்தவர் அந்தச் சமயத்தில் பூமியிலேயே இல்லை!

சரி, இந்த இட வரைபடத்துக்கும் ஞாபகத்துக்கும் என்ன உறவு? உங்களிடமே ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். உங்கள் கல்யாண தினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் என்ன வருகிறது? மண்டபம் வருகிறது. மணை எந்தப் பக்கம், அம்மா எந்தத் தூண் ஓரமாக நின்றாள், வாசலிலிருந்து யார் வந்தார்கள் என்பதெல்லாம் வருகிறது. இடம் இல்லாமல் சம்பவம் கிடையாது. இடத்தை எழுப்பிவிட்டால் சம்பவமும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு சாமான் எடுக்க அறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று விழித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போனதும் 'பளிச்'சென்று ஞாபகம் வருகிறதே, அதுவும் இதனால்தான்.

எலிகள் இன்னொரு ரகசியமும் சொல்லின. பகலில் ஓடிய பாதையில் எந்த அணுக்கள் சேர்ந்து படபடத்தனவோ, எலி தூங்கும்போது அதே அணுக்கள் மறுபடியும் சேர்ந்து படபடத்தன. அமெரிக்காவில் வில்ஸன், மக்நாட்டன் என்ற இருவர் 1994-ல் இதைக் கண்டார்கள். தூக்கத்தில் கடல் குதிரை பாடத்தைத் திருப்பிப் படிக்கிறது! பரீட்சைக்கு முதல் நாள் இரவு முழுவதும் குழந்தையைக் கண் விழிக்க வைக்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். படித்தது தங்க வேண்டுமானால் தூங்கத்தான் வேண்டும்.

லண்டனில் 'ஞானம்' பெறுவது எப்படி?

பழக்கினால் கடல் குதிரை வளருமா? இந்தக் கேள்விக்குப் பதில் லண்டன் வீதிகளில் கிடைத்தது.

லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்டுவது லேசான காரியம் அல்ல. அதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது. பரீட்சைக்குப் பெயரே 'நாலெட்ஜ்', அதாவது 'ஞானம்'! 1865-ல் குதிரை வண்டிக் காலத்தில் ஏற்பட்ட பரீட்சை. சேரிங் கிராஸ் என்ற இடத்தை மையமாக வைத்து, சுற்றிலும் ஆறு மைலுக்குள் இருக்கிற சுமார் 25,000 தெருக்களும் மனப்பாடமாக இருக்க வேண்டும். எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு எப்படிப் போவது என்று பரீட்சகர் கேட்டால், படத்தைப் பார்க்காமல், திருப்பம் திருப்பமாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஞானம் தேடிக் காட்டுக்குப் போவார்கள். லண்டனில் ஒரு சின்ன மோட்டார் சைக்கிளில், கைப்பிடியில் தெருப்படத்தைச் செருகிக்கொண்டு, மழையிலும் பனியிலும் மூன்று நாலு வருஷம் தெருத் தெருவாகச் சுற்றுவார்கள்!

எலினார் மக்வயர் என்ற அயர்லாந்துப் பெண்மணி லண்டனில் மூளை ஆராய்ச்சி செய்துவந்தார். 2000-ம் வருஷத்தில், அனுபவமுள்ள 16 டாக்ஸி ஓட்டுநர்களின் மூளையைப் படம் பிடித்து, மற்றவர்களின் மூளையோடு ஒப்பிட்டார். ஓட்டுநர்களுக்குக் கடல் குதிரையின் பின்பாகம் பெரிதாக இருந்தது. எத்தனை வருஷம் அதிகமாக வண்டி ஓட்டினார்களோ, அத்தனைக்கு அத்தனை பெரிது.

"வண்டி ஓட்டினாலே பெரிதாகிவிடுமோ?" என்று கேட்பீர்கள். மக்வயரும் கேட்டுக்கொண்டார். 2006-ல் பஸ் ஓட்டுநர்களைப் பரிசோதித்தார். அதே லண்டன், அதே நெரிசல், அதே கவலை. ஆனால் பஸ் தினம் ஒரே தடத்தில் போகிறது. அவர்களுக்கு அந்தப் பெருக்கம் இல்லை! ஓட்டுவதில் இல்லை விஷயம். வழியை யோசித்துக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

"பிறவியிலேயே பெரிய கடல் குதிரை உள்ளவர்கள்தான் டாக்ஸி ஓட்ட வருகிறார்களோ?" என்று அடுத்த சந்தேகம். 'ஞானம்' கற்க ஆரம்பித்த 79 பேரை முதலிலேயே படம் பிடித்து வைத்துக்கொண்டு, சில வருஷம் கழித்து மறுபடியும் படம் பிடித்தார்கள். ஆரம்பத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. தேறியவர்கள் 39 பேர். அவர்களுக்கு மட்டும் கடல் குதிரையின் பின்பாகம் வளர்ந்திருந்தது. 2011-ல் வெளியான இந்த ஆராய்ச்சி, வளர்ந்த மனிதனின் மூளையும் உழைப்புக்குத் தகுந்தபடி மாறும் என்பதைக் காட்டிவிட்டது.

இத்தனையும் கண்டுபிடித்த மக்வயருக்கு வழி கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் கொஞ்சமும் கிடையாதாம். அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். 2025 ஜனவரியில், 54-வது வயதில், அவர் காலமானார்.

இன்றைக்குக் கைப்பேசியே "இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு" என்று சொல்லிவிடுகிறது. சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் சொற்படியே போகிறவர் டாக்ஸிக்காரர் அல்ல, பஸ்காரர். தெரிந்த இடத்துக்குப் போகும்போதாவது அதைப் பைக்குள் போட்டுவிட்டு, கோயில் கோபுரத்தையும் முச்சந்தி மரத்தையும் பார்த்துக்கொண்டு போனால் கடல் குதிரைக்கும் கொஞ்சம் வேலை கிடைக்கும்.

"சாப்பாடே போடவில்லை!"

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம்.

பாட்டிக்கு எழுபத்தெட்டு வயது. அறுபது வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் கல்யாணத்தில் யார் என்ன நிறப் புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லுவாள். ஆனால் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டு மாமியிடம், "காலையிலிருந்து எனக்கு ஒரு வாய்ச் சாதம் போடவில்லை" என்கிறாள். மருமகள் துடித்துப் போகிறாள். "பழைய கதையெல்லாம் ஞாபகம் இருக்கிறது, நான் போட்ட சாதம் மட்டும் மறந்துவிடுகிறதா? வேண்டுமென்றே என் பெயரைக் கெடுக்கிறார்!" என்று அழுகிறாள். மகன் யார் பக்கம் பேசுவான்? எத்தனை வீடுகளில் இந்தச் சண்டை நடக்கிறது!

இப்போது ஹென்றியின் மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அரைமணியில் சாப்பிட்டதையே மறந்தார். பழைய விலாசம் மட்டும் பிசகவில்லை. அவர் நடித்தாரா? யார் பெயரையாவது கெடுக்கப் பார்த்தாரா?

பாட்டியும் நடிக்கவில்லை, அம்மா. பழைய கதைகள் மேற்பரப்பில் எப்போதோ ஊன்றிவிட்டன, அவை நிற்கின்றன. இன்றைய சாதத்தை எடுத்து வைக்க வேண்டிய கடல் குதிரை தளர்ந்துவிட்டது. பாட்டியைப் பொறுத்தவரையில் இன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. அவள் சொல்வது பொய்யல்ல. மருமகளும் குற்றவாளி அல்ல. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

1906-ல் ஜெர்மனியில் அல்ஸைமர் என்ற டாக்டர் எடுத்துச் சொன்ன மறதி நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்த நோய் மூளையில் சாதாரணமாக முதலில் கை வைப்பது எங்கே தெரியுமா? மோசர் தம்பதி புள்ளிக் கோலம் கண்டார்களே, அந்த வாசற்படியில்! அங்கிருந்து கடல் குதிரைக்குள் நுழைகிறது. வாசல் கோலம் முதலில் அழிந்துபோகிறது. ஆகவே, இருபது வருஷமாகப் போய்வந்த கோயிலிலிருந்து திரும்பும்போது தெரு தெரியாமல் நிற்பது ஆரம்ப அறிகுறிகளில் ஒன்றாக இருக்கலாம்.

உடனே பயந்துவிடாதீர்கள். மூக்குக் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவது, ஒருவர் பெயர் சட்டென்று வராமல் சற்று நேரம் கழித்து வருவது எல்லாம் யாருக்கும் உண்டு. ஆனால் தெரிந்த தெருவில் வழி தப்புவது, ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பது, பழகிய சமையலில் வரிசை குழம்புவது ஆகியவற்றைக் கண்டால், "வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிவிடக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும். தைராய்டுக் கோளாறு, பி-12 வைட்டமின் குறைவு, மனச் சோர்வு, சாப்பிடும் சில மருந்துகள் ஆகியவையும் இதே மாதிரி மறதியை உண்டாக்கலாம். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. அல்ஸைமர் நோயாகவே இருந்தாலும், முழுவதும் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லையே தவிர, முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நோயாளிக்கும் வீட்டாருக்கும் எவ்வளவோ சிரமம் குறையும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

மறதி கண்டவர்கள் இருக்கிற வீட்டில் சாமான்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். கட்டில், செம்பு, விபூதித் தட்டு எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். ஹென்றி 1958-ல் குடிபோன வீட்டில் வருஷக்கணக்காகப் புழங்கியதில், அந்த வீட்டின் அறைகளைப் பிசகில்லாமல் வரைந்து காட்டினாராம்! கடல் குதிரை போன பிறகும், தினம் தினம் நடந்த நடை எப்படியோ ஓரளவு படிந்திருக்கிறது.

வெளியே போகிறவர்கள் பையில் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

"இப்போதுதானே சாப்பிட்டீர்கள்!" என்று வாதாடாதீர்கள். அவர்களிடம் இல்லாத ஞாபகத்தை வாதத்தால் வரவழைக்க முடியாது. "இதோ கொண்டுவருகிறேன், அத்தை" என்று ஒரு பழமோ, ஒரு வாய் மோரோ கொடுத்துவிட்டுப் பேச்சை நாத்தனார் கல்யாணத்துக்குத் திருப்புங்கள். சந்தோஷமாகச் சொல்லுவார்கள்.

கை வேலையை நிறுத்தாதீர்கள். ஹென்றியின் கை கற்றுக்கொண்டது ஞாபகம் இருக்கிறதல்லவா? பூத் தொடுப்பது, அரிசி புடைப்பது, பாட்டு முணுமுணுப்பது எல்லாம் நெடுநாள் வரையில் நிற்கும். அந்தக் கையில் ஒரு பந்து மல்லிகையைக் கொடுத்தால் இழந்த கௌரவமும் கொஞ்சம் திரும்பிவரும்.

இன்னும் நன்றாக இருப்பவர்களுக்கு, அதாவது உங்களுக்கும், ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 55 முதல் 80 வயது வரை உள்ள 120 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வாரத்தில் மூன்று நாள், 40 நிமிஷம் வேகமாக நடந்தார்கள். மற்றவர்கள் கை காலை நீட்டி மடக்கும் லேசான பயிற்சி மட்டும் செய்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்ததில், நடந்தவர்களின் கடல் குதிரை சுமார் 2 சதவிகிதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்குச் சுமார் 1.4 சதவிகிதம் குறைந்திருந்தது. 2011-ல் வெளிவந்த முடிவு இது.

இரத்த அழுத்தம், சர்க்கரை வியாதி இவற்றை அடக்கி வைப்பது, காது மந்தமானால் கருவி வைத்துக்கொள்வது, நாலு பேரோடு பேசிப் பழகுவது ஆகிய இவையெல்லாம் மறதி நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கக்கூடியவை என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

குடும்பத்துக்கெல்லாம் ஓடி ஓடி நடக்கிறோமே, அது போதாதா என்று சொல்வீர்கள். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடப்பது பஸ்காரர் தடம், அம்மணி! சாயங்காலம் முக்கால் மணி நேரம் வெளியே கிளம்புங்கள். மாமியாரால் முடியுமானால் அவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் இந்தத் தெரு வழியாகப் போய் அந்தத் தெரு வழியாகத் திரும்புங்கள். திருப்பம் வந்ததும், "இப்போது எந்தப் பக்கம் போக வேண்டும், அத்தை?" என்று அவரையே கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் இருவருக்கும் சந்தோஷம். தயங்கினால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.